ஆண்கள் கூடிக் கேட்ட இடம்

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கிறது அலிஸ் ஸ்பிரிங்ஸ். அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போனால் மெக்டொனல் மலைத்தொடரில் ராஸ் ரிவர் வரும். அந்த மண்ணுக்குரிய அரெர்ன்டே மக்களுக்கு அது இன்டெயெர்க்வே. 2008 ஜூன் கடைசியில், பாலைவனக் குளிர் உச்சத்தில் இருந்தபோது, பூர்வகுடி ஆண்கள் 400 பேர் அளவில் அங்கே கூடினார்கள். கூட்டியது மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் காங்கிரஸ். 1973இல் பூர்வகுடி மக்கள் தாங்களே தொடங்கி, இன்றும் தாங்களே நடத்தும் சுகாதார அமைப்பு அது.

ஏன் கூடினார்கள் என்று கேட்டால் ஓராண்டு பின்னால் போகவேண்டும். வட பிராந்தியத்தில் குழந்தைகள் படும் பாலியல் கொடுமை பற்றி ரெக்ஸ் வைல்டும் பாட் ஆண்டர்சனும் விசாரித்து எழுதிய அறிக்கை 2007 ஜூனில் வெளிவந்தது. எதைச் செய்வதானாலும் அந்த மக்களோடு உண்மையாகக் கலந்து பேசிச் செய்யுங்கள் என்று முதல் பரிந்துரையிலேயே எழுதியிருந்தார்கள். ஜான் ஹோவர்டின் அரசு பேசவில்லை. ஜூன் 21இல் அவசர நடவடிக்கையை அறிவித்தது. ஊர்களுக்குள் ராணுவ வண்டிகள் வந்தன. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை இந்த நடவடிக்கைக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவைத்தார்கள். உதவித்தொகையில் பாதி அரசின் பிடிக்குள் போனது. மதுவும் ஆபாசப் படங்களும் தடை என்று ஊர் வாசலில் பெரிய பலகை நட்டார்கள். தவறு செய்தவன், செய்யாதவன் எல்லோரும் தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளவே கூசிய தாத்தாக்கள் உண்டு.

ராஸ் ரிவரில் கூடியவர்களின் தலைமுறையிலும் அதற்கு முந்தைய தலைமுறையிலும் பல பிள்ளைகள் சிறுவயதிலேயே அரசாலும் மிஷன்களாலும் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். தகப்பன் எப்படி நடந்துகொள்வான் என்று வீட்டில் பார்க்கக் கிடைக்காதவன், பிறகு தானே தகப்பனாகிறான். அப்படிப் பிரித்ததற்காகப் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ராஸ் ரிவரில் இந்த ஆண்கள் தங்கள் பக்கத்து மன்னிப்பைக் கேட்டார்கள். ஜூலை 3இல் முடிந்த கூட்டம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தாய்க்கும் பாட்டிக்கும் அத்தைக்கும் சகோதரிக்கும் எங்கள் ஆண்களால் நேர்ந்த துன்பத்துக்காக வருந்துகிறோம் என்று உறவு உறவாகச் சொல்லியிருந்தார்கள். கூட்டத்தில் இருந்த பலர் யாரையும் கை நீட்டி அடிக்காதவர்கள். இருந்தும் தங்கள் இன ஆண்களின் குற்றத்தைத் தங்கள் பெயரில் ஏற்றார்கள். அரசின் பலகை அவர்களிடமிருந்து பறித்த குடும்பப் பொறுப்பை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டது அந்த நாளில்தான் என்று நான் நினைக்கிறேன்.

செய்தித்தாள்கள் மன்னிப்பைத்தான் தலைப்பாக்கின. ஆனால் அதோடு கோரிக்கைகளும் இருந்தன. ஊருக்குள்ளேயே வன்முறைத் தடுப்புப் பயிற்சி, ஆண்கள் மனம் ஆறுவதற்கான இடங்கள், குடித்தவன் தெளியும்வரை தங்கச் சிறு விடுதிகள், படிக்கவும் கணக்குப் பார்க்கவும் கற்றுக் கொடுத்து உள்ளூரிலேயே வேலை.

ஆண்களுக்குத் தனி இடம் எதற்கு? அங்கே ஆண்களின் காரியம், பெண்களின் காரியம் என்ற பிரிவு மரபுச் சட்டத்திலேயே இருக்கிறது. தீட்சை பெற்ற ஒரு பெரியவர் தன் உடம்பைப் பற்றிப் பெண் செவிலியரிடம் பேசமாட்டார். பேசுவதைவிட நோயோடு இருந்துவிடுவார். 2005–07 கணக்குப்படி வட பிராந்தியத்தில் பூர்வகுடி ஆணின் சராசரி ஆயுள் 61.5 ஆண்டு, மற்ற ஆண்களைவிட 14 ஆண்டு குறைவு. நீரிழிவும் சிறுநீரக நோயும் இருதய நோயும் சத்தமில்லாமல் முற்றிய கணக்கு இது.

காங்கிரஸின் ஆண்கள் பிரிவான இங்கின்ட்யாவில் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். கூட்டம் நடந்தபோது அதன் பொறுப்பில் இருந்தவர் ஜான் லிடில். அங்கே குளிக்க இடம் உண்டு, துணி துவைக்க இயந்திரம் உண்டு, உடற்பயிற்சிக் கூடம் உண்டு, அவற்றோடு சேர்த்து ஆண்களுக்கான கிளினிக்கும் உண்டு. துணி துவைக்க வந்தவர் இயந்திரம் ஓடும் நேரத்தில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேச நினைத்தால் அதற்கும் ஆள் இருக்கிறார். நோயாளி என்ற பெயரோடு எவரும் படியேற வேண்டியதில்லை.

2010இல் வந்த ஆஸ்திரேலியாவின் முதல் தேசிய ஆண்கள் நலக் கொள்கையில் பூர்வகுடித் தகப்பன்மாருக்கென்று ஒரு திட்டம் இடம்பெற்றது. நல்லதுதான். ஆனால் ராஸ் ரிவர் அறிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொரு கோரிக்கை: குடியிலிருந்து மீளும் இல்லங்கள் முடிந்தவரை அவரவர் ஊரிலேயே இருக்கட்டும், பூர்வகுடி ஆண்களே நடத்தட்டும் என்பது. சாந்தா தெரேசா போன்ற ஓர் ஊரிலிருந்து அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்து சில மாதம் குடிக்காமல் இருந்துவிடலாம். அதே வீட்டுக்கும் அதே கடன்களுக்கும் அதே நண்பர்களுக்கும் திரும்பிப் போகிற முதல் வாரம்தான் கடினம். அந்த வாரத்தில் கதவைத் தட்ட உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். தட்டுகிறவர் உறவுமுறையில் திரும்பிவந்தவனைக் கண்டிக்க உரிமை உள்ள மாமனாகவோ அண்ணனாகவோ இருக்கவேண்டும், அந்த வேலைக்கு அவருக்கு மாதச் சம்பளமும் வேண்டும்.