தாயின் கல்லீரல், சேயின் மரபணு

"உன் துறையைப் பற்றி ஏதாவது வரலாறு எழுதுடா" என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். கான்கிரீட்டைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் கல்லூரியில் நிறைய பேர். நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு நோயின் வரலாறு. காரணம் உண்டு.

என் மனைவிக்கு அப்போது 36-வது வாரம். மூன்று நாளாக வாந்தி, மேல்வயிற்றில் வலி, எந்நேரமும் "தண்ணி, தண்ணி" என்று தாகம். முதலில் காட்டிய இடத்தில் அசிடிட்டி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் கண் மஞ்சளித்தது. வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். ரத்தத்தில் சர்க்கரை 48. ரத்தம் உறையவும் இல்லை. "கர்ப்பகாலக் கடும் கொழுப்புக் கல்லீரல். குழந்தையை உடனே வெளியே எடுத்தாகணும், தம்பி" என்றார் டாக்டரம்மா. பேர்கூட அன்றுதான் கேள்விப்பட்டேன்.

ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்த எட்டு நாளில் தேடிப் படித்ததுதான் இனி வருவது.

1934-இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர், காடன் இருவரும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். ஆனால் குழப்பம் தீரவில்லை. 1847 முதல் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்துவந்த காலம் அது. அந்த மருந்தே கல்லீரலைக் கெடுக்கும். இறந்த தாயைக் கொன்றது நோயா, மருந்தா? கிளாஸ்கோவில் ஷீஹன் என்ற நோய்க்குறியியலாளர் 1940-இல் இரண்டையும் பிரித்துக் காட்டினார். குளோரோஃபார்மில் கல்லீரல் செல்கள் செத்துக் கிடக்கும். இந்த நோயில் செல்கள் பெரும்பாலும் சாகாமல், பொடிப்பொடியான கொழுப்புத் துளிகளால் நிரம்பி வேலைநிறுத்தம் செய்துவிடும்! (எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் ஃபெயிலியர் அனாலிசிஸ்.)

அப்போதெல்லாம் இந்நோய் வந்த தாய்மாரில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. நிலைமையை மாற்றியது புதிய மாத்திரை ஏதுமில்லை. சீக்கிரம் கண்டுபிடிப்பது, தாயை நிலைப்படுத்திப் பிரசவத்தை முடிப்பது, குளுக்கோஸ், ரத்த உறைபொருள்கள், தீவிர சிகிச்சை, அவ்வளவுதான். கல்லீரலில் ஊசி போட்டுத் திசு எடுக்கலாம் என்றால், ரத்தம் உறையாதவளுக்கு அதுவே ஆபத்து. அதனால் 2002-இல் வேல்ஸில் உருவான ஸ்வான்சீ அளவுகோல் கைகொடுத்தது. 14 அறிகுறிகளில் ஆறோ அதற்கு மேலோ இருந்து, வேறு காரணமும் தென்படாவிட்டால் இதுதான். வாந்தி, வயிற்றுவலி, குறைந்த சர்க்கரை, உறையாத ரத்தம் எல்லாம் அதில் உண்டு. தாகமும் உண்டு. அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

2008-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் ஏறத்தாழ 11 லட்சம் பிரசவங்களில் 57 பேருக்கு இந்நோய், இறந்தவர் ஒருவர்.

1990-களில் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. சில குடும்பங்களில் குற்றவாளி தாயின் உடம்பே இல்லை. நீண்ட கொழுப்பு அமிலங்களை உடைக்கும் நொதி கருவிலுள்ள குழந்தைக்குக் குறைவு. உடையாத மிச்சம் தாயின் ரத்தத்தில் கலந்து அவள் கல்லீரலைத் தாக்குகிறது. அம்மா, அப்பா இருவரும் ஆளுக்கொரு பழுதான மரபணுப் பிரதியைக் கொடுத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட குழந்தை பசியோடு நெடுநேரம் கிடந்தால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து. ஆகவே தாய் பிழைத்தாலும் குழந்தையைச் சோதித்துவிட வேண்டும்.

எங்கள் பையனையும் சோதித்தோம். முடிவு வரும்வரை இரவில் அலாரம் வைத்து எழுப்பிப் பால் கொடுத்தோம். குறை ஒன்றுமில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை மாலை போனில் சொன்னார்கள்.