சட்டத்துக்கு முந்திய கலவை: சஸ்ஸிகாயாவும் இத்தாலியின் ஒயின் விதிகளும்

இத்தாலியின் டஸ்கனி கடலோரத்தில் உள்ள சிற்றூர் பொல்கெரி. அங்கு உருவான சஸ்ஸிகாயா என்னும் சிவப்பு ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: விதிகளை மீறத் துணிந்த ஒரு பிரபு பிரான்சின் போர்தோ திராட்சையை நட்டு, அரசையே இறங்கிவரச் செய்தார். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. மாரியோ இன்சிசா டெல்லா ரொக்கெட்டா கொடிகளை நட்டது 1944 வாக்கில். டிஓசி எனப்படும் இத்தாலியப் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது 1963இல். மீறுவதற்கு அன்று விதியே கிடையாது.

நிலம் அவருடைய மனைவி கிளாரிச்சேயின் பிறந்தவீட்டுச் சொத்து. கொடிகளைப் பற்றியும் ஒரு கட்டுக்கதை உலவுகிறது. போர்தோவின் புகழ்பெற்ற லஃபீத் பண்ணையிலிருந்து வந்த துண்டுகள் அவை என்பார்கள். ஆனால் மாரியோவே 1974இல் விமர்சகர் லூயிஜி வெரோனெல்லிக்கு எழுதிய கடிதத்தில், பீசாவுக்கு அருகே மிலியாரினோவில் சல்வியாத்தி குடும்பத்தின் தோட்டத்தையே கொடிகளின் மூலமாகக் குறிப்பிடுகிறார். ஆக, கபெர்னே என்னும் அந்தப் போர்தோ திராட்சை டஸ்கனிக்குப் புதிதல்ல. அதை முதன்மைத் திராட்சையாகக் கொள்ளும் எண்ணம்தான் புதிது.

கபெர்னே சொவினியோன் பழம் சிறியது, தோல் தடித்தது. சாற்றோடு தோல் ஊறும்போது நிறத்தோடு துவர்ப்பும் சேர்ந்தே இறங்கும். அதனுடன் மணத்துக்காகக் கபெர்னே ஃப்ரான் கொஞ்சம் சேரும். பின்னாளில் நிலைபெற்ற அளவு 85க்கு 15. இளசாக இருக்கையில் இந்தக் கலவை நாக்கை இறுக்கிப் பிடிக்கும். இலகுவான உள்ளூர் ஒயினுக்குப் பழகியவர்கள் முதலில் இதை ரசிக்காததில் வியப்பில்லை. 1948 முதல் 1967 வரை இது வீட்டுக்கும் நண்பர்களுக்கும் மட்டுமான ஒயினாகவே இருந்தது. விற்கவேண்டிய நெருக்கடி இல்லாததால் புட்டிகள் நிலவறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன; துவர்ப்பு அடங்கி மணம் விரிவது அப்போதுதான் தெரியவந்தது. சஸ்ஸிகாயாவின் வளர்ச்சியில் இந்த இருபது ஆண்டுச் சும்மா கிடத்தலுக்கு உரிய இடத்தை வரலாற்றாசிரியர்கள் தரவில்லை என்பேன். ஒரு வணிகரால் அவ்வளவு காலம் காத்திருக்க முடிந்திருக்காது. (மாரியோவுக்கு வேறு கவனமும் இருந்தது: 1955, 1956 ஆண்டுகளில் பாரிசின் ஆர்க் பந்தயத்தை வென்ற ரிபோ என்ற குதிரையை வளர்த்த பண்ணையில் அவர் பங்குதாரர்.)

1968 அறுவடைதான் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. விநியோகத்தை ஏற்றது ஃபுளோரன்சின் அந்தினோரி நிறுவனம். அந்நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த பியெரோ அந்தினோரியின் தாயும் கிளாரிச்சேயும் உடன்பிறந்தவர்கள். அந்நிறுவனத்தின் ஒயின் வல்லுநர் ஜாகொமோ தாகிஸ் தயாரிப்பைச் சீர்செய்தார். 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் முதிரவைப்பது டஸ்கனியில் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

இதற்குள் சட்டம் வந்துவிட்டது. ஆனால் இந்த ஒயினுக்கு அதில் இடமில்லை. டஸ்கனியின் பெருமையாகிய கியாந்திக்கு 1967இல் வகுத்த விதி, சிவப்பு ஒயினில் குறைந்தது 10 விழுக்காடு வெள்ளைத் திராட்சை சேரவேண்டும் என்றது. அத்தகைய விதிக்கு அடங்கியது தரச்சான்று பெற்றது; சஸ்ஸிகாயா ‘மேசை ஒயின்’ என்ற கடைசிப் படியில் நின்றது. 1978இல் லண்டனில் டிகாண்டர் இதழ் 11 நாடுகளின் 33 கபெர்னே ஒயின்களைப் பெயர் மறைத்துச் சுவைக்கவைத்தபோது, 1972ஆம் ஆண்டு சஸ்ஸிகாயா முதலிடம் பெற்றது. அப்போதும் அதன் சட்டத் தகுதி கடைசிப் படிதான்.

1978ஐ விட 1983 எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஆண்டு பொல்கெரிக்கென்றே டிஓசி அறிவிக்கப்பட்டது. ஆனால் வெள்ளைக்கும் ரோசேவுக்கும் மட்டும். ஊரின் பெயரை உலகறியச் செய்த சிவப்பு ஒயின் ஊர்ச் சான்றிதழுக்கு வெளியே நின்றது. மாரியோ காலமானதும் அதே ஆண்டில்தான். 1994இல் சிவப்புக்கும் இடம் கிடைத்தது, சஸ்ஸிகாயாவுக்கு ஓர் உட்பிரிவும் அமைந்தது. 2013இல் அது தனி டிஓசி ஆயிற்று. ஒரே பண்ணைக்கென இத்தாலியில் அப்படி ஒன்று அமைவது அபூர்வம். குறைந்தது 80 விழுக்காடு கபெர்னே சொவினியோன் என்ற அதன் விதி, பண்ணையில் ஏற்கெனவே நடந்துவந்ததை எழுத்தில் வைத்ததே.

பொல்கெரியின் பொது விதிகளும் 2011இல் திருத்தப்பட்டன. இன்று அங்கே சிவப்பு ஒயினை முழுக்க கபெர்னே சொவினியோனிலோ, கபெர்னே ஃப்ரானிலோ, மெர்லோவிலோ செய்யலாம். டஸ்கனியின் சொந்தத் திராட்சையான சாஞ்ஜொவேசே பாதிக்கு மேல் சேரக்கூடாது.