தோட்டா கொடுத்த கிழவர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்தது. இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்துச் சுமார் 51,000 பேர். அந்தச் சண்டையை இன்றும் ஆர்வலர்கள் பழைய சீருடை அணிந்து நடித்துக் காட்டுகிறார்கள். துப்பாக்கியில் மருந்து மட்டும்தான்; குண்டு கிடையாது.

அவர்களிடையே ஒரு பேய்க்கதை உலவுகிறது. 1993-இல் வெளிவந்த 'கெட்டிஸ்பர்க்' படத்தில் நடிக்கப் போன சிலர், லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் இளைப்பாறினார்களாம். கந்தல் சீருடையில் ஒரு கிழவர் வந்து தோட்டாக்களைக் கொடுத்துவிட்டுப் போனாராம். பார்த்தால், அத்தனையும் அந்தக் காலத்து நிஜத் தோட்டா!

நடந்ததோ இல்லையோ, கதை சும்மா பிறக்கவில்லை. நடிப்பில் விழுந்தவர் எழுந்து சாப்பிடப் போகிறார். அன்று விழுந்தவர் எழவில்லை. அந்த வித்தியாசம் ஒரு குண்டுதான். அதைத்தான் கிழவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.