உணவுக்குழாயில் ஒளி புகுந்த வரலாறு

பினாங்குத் தீவின் பெயர் பாக்கு மரத்தால் வந்தது. மலாய் மொழியில் 'பினாங்' என்றால் பாக்கு. வெற்றிலையும் பாக்கும் தமிழர்க்கு மங்கலப் பொருள்கள். ஆயினும், புகையிலை சேர்த்து அவற்றை மெல்லும் பழக்கம் வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உறுதி கூறிற்று. மலேசியாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் இந்தியரிடையே மிகுதி என்பதை நாட்டின் பதிவேடுகள் காட்டுகின்றன. ஆதலின் சோறு தொண்டையில் தடைபடுகிறது என்று வரும் ஜார்ஜ் டவுன் தமிழரின் உணவுக்குழாயை மருத்துவர் உள்நோக்கிக் கருவியால் ஆராய்வது இன்றியமையாதது. அவ்வாறு நோக்கும்போது தேடாத ஒன்று கண்ணில் படுவதும் உண்டு. சுரப்பித் திசுவால் ஆன தீங்கற்ற சிறு வளர்ச்சியே அது.

இவ்வளர்ச்சிகள் பலவகைப்படும். உணவுக்குழாயின் உட்சவ்வுக்கு அடியில் வழவழப்பான நீரைச் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. அமைப்பில் இவை உமிழ்நீர்ச் சுரப்பிகளை ஒத்தவை. இவற்றிலிருந்து தோன்றும் தீங்கற்ற கட்டி மிக அரிது. தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் மஞ்சள் புள்ளிகளாக உணவுக்குழாயில் அமைவதும் உண்டு. இரைப்பைக்குரிய சுரப்பித் திசு உணவுக்குழாயின் மேற்பகுதியில் திட்டாகக் கிடப்பதோ அத்துணை அரிதன்று. அதனை 1805ஆம் ஆண்டிலேயே ஷ்மிட் என்பார் எழுதி வைத்தார். ஆனால் அந்நாளில் இவை பிணத்தை அறுத்து ஆராய்ந்தோர்க்கே புலனாயின. உயிருள்ளவர் உடலில் காண வழி இல்லை.

வழியைக் காட்டியவர் வாள் விழுங்கும் வித்தைக்காரர் என்பது வியப்புக்குரியது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'ராமோ சாமி' என்று ஆங்கிலேயர் அழைத்த இந்தியர் ஒருவர் லண்டனில் வாள் விழுங்கிக் காட்டிப் புகழ் பெற்றார். அப்பெயர் ராமசாமி என்பதன் சிதைவாகவே கருதப்படுகிறது. பின்னர் 1868ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகர மருத்துவர் குஸ்மால், இத்தகைய வித்தைக்காரர் ஒருவரின் துணையால் 47 சென்டிமீட்டர் நீளமும் 13 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள நேரான உலோகக் குழாயைத் தொண்டை வழியே செலுத்தினார். குழாய் இறங்கிற்று, போதிய ஒளி இறங்கவில்லை. 1881ஆம் ஆண்டில் வியன்னாவில் மிகுலிச் மின்னொளியைப் பயன்படுத்தினார். எனினும் வளையாத குழாய் நோயாளிக்குப் பெருந்துன்பமாயிற்று.

இத்துன்பத்தைக் களையும் வழி கண்ணாடி இழையால் பிறந்தது. பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் ஹாப்கின்சும் லண்டனில் ஆராய்ந்து, வளையும் இழைக்கற்றை வழியே உருவத்தைச் செலுத்தலாம் என்று 1954ஆம் ஆண்டில் எழுதினர். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் ஹிர்ஷோவிட்ஸ், இழையாலான உள்நோக்கியை முதலில் தம் தொண்டையிலேயே செலுத்திப் பார்த்தார். அதன் பின்னரே உயிருள்ளவர் உணவுக்குழாயை எளிதாகவும் பலமுறையும் காண இயன்றது. பிண அறையில் ஒளிந்திருந்த சிறு வளர்ச்சிகள் மருத்துவர் கண்முன் வந்தன.

கண்டவுடன் ஒரு கேள்வியும் எழுந்தது: இது புற்றுநோயா, அன்றா? கண்ணால் மட்டும் பார்த்து இதற்கு விடை கூற இயலாது. சிறு துணுக்கை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஆராய்ந்தே முடிவு கூறுவர். எண்ணெய்ச் சுரப்பிப் புள்ளிகளை அப்படியே விட்டுவிடலாம். இரைப்பைத் திட்டுக்கும் பெரும்பாலும் மருத்துவம் வேண்டுவதில்லை. சுரப்பிக் கட்டியையோ உள்நோக்கி வழியாகவே முழுதும் நீக்கி ஆராய்வது வழக்கம். அதனால் மார்பைத் திறக்கும் அறுவை தவிர்கிறது.

ஆகவே உணவுக்குழாயில் வளர்ச்சி ஒன்று உண்டு என்ற செய்தி கேட்ட மாத்திரத்தில் இறுதி வந்துவிட்டதாக அஞ்சுதல் வேண்டா. அச்சத்தால் சோதனைக்கே செல்லாதிருத்தல் அதனினும் பெருந்தீங்கு. விழுங்குவதில் தடை தோன்றியதும் மருத்துவரை நாடுவோரே நோயை முளையில் அறிவர். நோயன்று எனின் அமைதியும் பெறுவர்.