விற்றுக்காட்டிய பள்ளிக்கூடம்

தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நெருக்கம் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் யாருமில்லை. எப்படி என்று கேட்டால் புரிந்துணர்வு ஒப்பந்தம், ஆலோசனைக் குழு, ஆலைப் பார்வை, வேலைவாய்ப்பு முகாம் என்று அடுக்குவார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் சென்னைக் கலைப் பள்ளி இந்தக் காரியத்தை வேறு வழியில் செய்தது. தன் பட்டறையில் ஒரு சரக்கைச் செய்து, காசுக்கு விற்று, அதில் பிழைப்பு உண்டு என்று நிரூபித்தபின் தொழிலைத் தனியாரிடம் ஒப்படைத்தது. பட்டறைச் சரக்கை ஊரில் நாலு பேர் விலை கொடுத்து வாங்கும்போதுதான் பயிற்சிக்கும் தொழிலுக்கும் உறவு உண்டாகிறது என்பதே அந்த வரலாற்றின் பாடம்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று கவின்கலைக் கல்லூரியாக இருக்கும் அந்தப் பள்ளியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர். சொந்த முயற்சியாகத் தொடங்கியதைச் சில ஆண்டுகளிலேயே அரசு ஏற்றுக்கொண்டது. நுண்வேலைக்கு அது பேர்பெற்றது. ஆனால் நுண்வேலை கண்காட்சிக்குப் போகுமே தவிர அடுப்படிக்குப் போகாது. பொறியியல் பேராசிரியராகச் சென்னைக்கு வந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1898-இல் இங்கே அலுமினியத்தில் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். செம்பையும் பித்தளையையும் தட்டிப் பழகிய கைகளுக்கு இந்த உலோகம் புதிது, ஆனால் சுத்தியலும் வேலைப்பாடும் பழையவையே. எடை பித்தளையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஈயம் பூசும் செலவில்லை. புளிப்பு அரிக்கும் என்ற குறையும் இருந்தது. எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை வகுப்பறை சொல்லித்தர முடியாது. வாங்கிப் புழங்கியவர்கள்தான் சொல்ல வேண்டும். சரக்கு விலைபோகும் என்று தெளிந்தபின், 1903-இல் அந்தப் பிரிவு இந்தியன் அலுமினியம் கம்பெனிக்குக் கைமாறியது.

அடுத்தது தோல். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னையின் பெரிய ஏற்றுமதிச் சரக்கு. ஆனால் அது தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தால் விரைவில் நைந்துபோகும். கிணற்றிலிருந்து தோல் சாலால் கவலை இறைக்கும் உழவருக்கு அது ஓயாத செலவு. குரோம் உப்பால் பதனிட்டால் தோல் நீரைத் தாங்கும். சாட்டர்டன் குரோம் தோலைக் கையில் எடுத்ததற்கு இந்தக் கிணற்றடித் தேவை முக்கியமான காரணம். எந்தத் தொழிலைக் கற்பிப்பது என்ற கேள்விக்கு அவர் பாடத்திட்டத்தில் விடை தேடவில்லை. யாருக்கு எது அடிக்கடி பழுதாகிறது என்று பார்த்தார். எண்ணெய் எஞ்சின் வைத்து நீரிறைக்கும் முறையைப் பரப்ப அவர் எடுத்த முயற்சியும் இதே வழியில் வந்ததுதான்.

இதற்கு எழுந்த முதல் எதிர்ப்பு ஐரோப்பிய வணிகர்களுடையது. அரசுப் பணத்தில் நடக்கும் பட்டறை தனியார் வியாபாரத்தோடு போட்டியிடலாமா என்றார்கள். இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு 1910-இல் அவர்கள் பக்கம் சாய்ந்தார்: தொழிற்கல்விக்கு அரசு செலவிடலாம், தொழில் நடத்தக் கூடாது. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தக் கோடுதான் உறவை அறுத்தது. கற்பிக்கலாம், விற்கக் கூடாது என்றால், கற்றது விலைபோகுமா என்று கண்டறிய வழியே இல்லை. போட்டி என்ற குற்றச்சாட்டும் நிற்காது. அலுமினியப் பிரிவு தனியாரை ஒழிக்கவில்லை, தனியாரிடமே போய்ச் சேர்ந்தது. சாட்டர்டன் 1912-இல் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய்விட்டார். 1916-இல் அமைந்த தொழில் ஆணையத்தில் அவரும் ஓர் உறுப்பினர்; தொழில் வளர்ச்சியில் அரசு நேரடிப் பங்கெடுக்க வேண்டும் என்று அது 1918-இல் பரிந்துரைத்தது. மார்லி போட்ட கோடு பத்தாண்டுகூட நிலைக்கவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலுவானது. உற்பத்தி நடந்தால் படிப்பு கெடும், மாணவன் குறைந்த கூலியாளாகிவிடுவான் என்பது. இந்த அபாயம் உண்மையே. பயிற்சியாளர் என்ற பெயரில் ஆள் பிடிக்கும் வழக்கம் இன்றும் பல ஆலைகளில் உண்டு. ஆனால் சென்னைப் பள்ளி தனக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டது: தொழில் சொந்தக் காலில் நின்றதும் அதைக் கைவிட்டு அடுத்த சோதனைக்குப் போவது. ஒரே சரக்கை ஆண்டுக்கணக்கில் செய்து லாபம் பார்க்கும் பள்ளிதான் மாணவனைச் சுரண்டும்.

மூன்றாவதாக, இதெல்லாம் ஒரு தனிமனிதரின் ஆர்வம், வேறெங்கும் நடக்காது என்று சொல்லலாம். கோயம்புத்தூர் அதற்குப் பதில். 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடம் பயிற்சியையும் உற்பத்தியையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. பம்பும் மோட்டாரும் அங்கே பாடமாகவும் விற்பனைச் சரக்காகவும் இருந்தன. 1951-இல் வந்த பொறியியல் கல்லூரி அதே வளாகத்தில் எழுந்தது. ஊரில் பருத்தியில் சேர்ந்த பணமும் பைக்காரா மின்சாரமும் இருந்ததால்தான் இது முடிந்தது என்றால், பாதி உண்மை. பணமும் மின்சாரமும் பம்பை விற்கும். பம்பு செய்யத் தெரிந்த கையை உண்டாக்காது. ஆழக்கிணற்று உழவர் வாடிக்கையாளராக இருந்ததால், அங்கே கற்றவனின் பிழையை மதிப்பெண் மறைக்க முடியவில்லை.

1961-இன் தொழிற்பழகுநர் சட்டம் ஆலைகள் பயிற்சியாளரை எடுத்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நல்ல சட்டம்தான்; ஆனால் சட்டத்துக்காக எடுப்பதும் தேவைப்பட்டு எடுப்பதும் ஒன்றல்ல. ஒரு பயிற்சி நிலையத்துக்குத் தொழில்துறையோடு எவ்வளவு நெருக்கம் என்று அறிய அதன் ஒப்பந்தக் கோப்பைப் புரட்டுவதில் பயனில்லை. அதன் பட்டறைக்கு இந்த மாதம் வெளியிலிருந்து என்ன ஆர்டர் வந்தது, செய்து கொடுத்ததில் எத்தனை திரும்பி வந்தது என்று கேட்டால் போதும்.