சில்லும் வில்லும்

ஊர்திகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பொறியின் வரலாற்றையே எழுதி அமைந்தனர். நீராவிப் பொறியும் பெற்றோற் பொறியும் உலகை விரைவுபடுத்திய செய்தி பாடநூல்கள்தோறும் பேசப்படுகின்றது. அவ்விரைவை அடக்கி, ஊர்தி சாரதியின் எண்ணத்துக்கு இயைந்து செல்லுமாறு செய்த சில்லும் வில்லும் அந்நூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை. ஆயின், மணலும் உப்பும் மழைநீரும் ஒருங்கே வழிமறிக்கும் புத்தளக் கரையோரத்தில் வாழும் நமக்கு இவ்விரண்டின் வரலாறே நெருங்கிய வரலாறாகும். கற்பிட்டியிலிருந்து பாலாவிக்கும், உடப்பிலிருந்து சிலாபத்துக்கும் நாள்தோறும் சென்று மீளும் ஒருவரின் பாதுகாப்பு, பொறியின் வலுவிலும் பார்க்க, ஊர்தி நிலத்தைத் தொடும் நான்கு சிறிய இடங்களிலேயே பெரிதும் தங்கியுள்ளது. இவ்வுண்மையை வரலாற்று நெறி நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர் சில்லின் இயல்பை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குச் சங்க இலக்கியமே சான்று. உமணர் எனப்பட்ட உப்பு வணிகர் எருது பூட்டிய சகடங்களில் கடற்கரையிலிருந்து உள்நாடு சென்றனர். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறியக்கூடும் என்று கருதி, வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிச் சென்ற செய்தியை, ஔவையார் பொகுட்டெழினியைப் பாடிய புறநானூற்றுச் செய்யுளிலே காண்கின்றோம். ‘சேம அச்சு’ என்பது அதன் பெயர். இன்று மோட்டார்க் காரின் பின்புறத்தே நாம் வைத்திருக்கும் மேலதிகச் சில்லுக்கு அதுவே முன்னோடி எனின் மிகையாகாது. குடம், ஆரக்கால், வட்டை, பட்டை, அச்சு, கடையாணி என உறுப்புத்தோறும் தனிப்பெயர் வழங்கியமை, வண்டித் தொழில் நம்மவரிடையே எத்துணை முதிர்ந்திருந்தது என்பதைக் காட்டும்.

எனினும், உப்பு விளையும் புத்தளத்திலேயே சில்லு நெடுங்காலம் முழு ஆட்சி பெறவில்லை. 1344ஆம் ஆண்டில் இங்கு வந்திறங்கிய இபுனு பத்தூத்தா, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகத் தங்கிப் பாவா ஆதம் மலைக்குப் புறப்பட்டபோது, மன்னன் அவருக்கு அளித்தது வண்டியன்று. ஏவலர் தோளிற் சுமந்த பல்லக்கேயாகும். கண்டி இராச்சியத்துக்குச் சென்ற உப்பும் பொதிமாடுகளின் முதுகிலேயே ஏறிச் சென்றது. வழி செம்மையாக இல்லாதவிடத்துச் சில்லு உதவியாகாமற் சுமையாகிவிடுகின்றது. இறுகிய தரையில் எளிதாக உருளும் மெல்லிய சில்லு, கரையோர மணலிற் புதைந்து நின்றுவிடும்.

இவ்விடர்ப்பாட்டுக்கு வரலாறு மூன்று விடைகளை அளித்தது. மூன்றையும் இக்கரையோரத்திலேயே காணலாம். முதலாவது விடை, மணலை விட்டு நீரை நாடுதல். ஒல்லாந்தர் கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்பவற்றைக் கடனீரேரிகள் வழியாகக் கால்வாய்களால் இணைத்துத் தட்டையடிப் படகுகளிற் பண்டங்களை ஏற்றினர். இரண்டாவது விடை, சில்லுக்கென்றே இரும்பு வழியொன்றைச் சமைத்தல். 1916இற் சிலாபத்தை அடைந்த புகையிரதப் பாதை 1926இற் புத்தளத்தை எட்டியது. இவ்விரு விடைகளும் வழியை மாற்றினவேயன்றிச் சில்லை மாற்றவில்லை. சில்லையே மாற்றியமைத்து, கிடைத்த வழியில் ஓடச் செய்ததே மூன்றாவது விடையாகும். அதனையே இனி விரித்து நோக்குவாம்.

மாட்டு வண்டிலின் சில்லிலே இரும்புப் பட்டை ஏற்றும் முறை கண்டு மகிழத்தக்கது. வட்டையின் சுற்றளவிலும் சிறிது குறைவாகச் செய்த பட்டையைத் தீயிற் பழுக்கக் காய்ச்சுவர். அது விரிந்து வட்டையின் மேல் இலகுவாக அமரும். உடனே நீரூற்றினால், பட்டை சுருங்கி ஆரக்கால்களையும் வட்டையையும் ஒருங்கே இறுக்கிப் பிடிக்கும். இவ்வாறு அமைந்த சில்லு வலியதே; ஆயின், வழியிலுள்ள ஒவ்வொரு கல்லின் அடியும் குறையாது வண்டிக்குள் ஏறும். அவ்வடியைத் தடுக்க எழுந்ததே வில்.

1804இல் இங்கிலாந்திலே ஒபதையா எலியட் என்பவர், பட்டை வில்களை நேரே அச்சின்மீது பொருத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். பாரமான அடிச்சட்டம் தேவையற்றுப் போகவே, வண்டிகள் எடை குறைந்தன. தமிழகத்தில் இவ்வகை வண்டி ‘வில்வண்டி’ எனவே பெயர் பெற்றது. தகடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய வில்லிலே ஒரு நுட்பம் உண்டு. வில் வளையும்போது தகடுகள் தம்முள் உராய்கின்றன; அவ்வுராய்வே துள்ளலை ஓரளவு அடக்கிவிடுகின்றது. சுருள்வில்லுக்கு இக்குணம் இல்லை. தனியே விட்டால் அது நெடுநேரம் ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். ஆதலால், சுருள்வில் பரவியபோது, மக்கள் ‘ஷொக் அப்சோபர்’ என வழங்கும் அதிர்வடக்கியும் உடன் வந்தாக வேண்டியதாயிற்று. குழலுக்குள் அடைத்த எண்ணெயைச் சிறு துளைகளினூடே செலுத்தி, துள்ளலின் ஆற்றலை வெப்பமாக்கிக் கழிப்பதே அதன் தொழில். வில் சுமையைத் தாங்குகின்றது. அதிர்வடக்கி வில்லை ஆள்கின்றது. இவ்வேறுபாட்டை அறியாமையே இன்று பலரின் வீண்செலவுக்குக் காரணமாகும்.

இனி இறப்பரை நோக்குவாம். இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாது, குளிரில் உடையாது என்பதை 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்தார். காற்றடைத்த சில்லுக்கு 1845இலேயே றொபேட் வில்லியம் தொம்சன் உரிமம் பெற்றிருந்தார். ஆயினும், அக்காலத்துக்கு அது முந்திய கருத்தாகையால் மறக்கப்பட்டது. 1888இற் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவரான ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனின் மூன்று சில்லு வண்டிக்காக அதனை மீண்டும் படைத்தார். 1895இற் பாரிசிலிருந்து போர்டோ சென்று மீண்ட ஓட்டப் போட்டியில், மிச்சலின் சகோதரர் காற்றடைத்த ரயர் பூட்டிய காரைச் செலுத்தினர். வழியிற் பலமுறை காற்றிறங்கியும், மோட்டார் ஊர்திக்கும் இச்சில்லு ஏற்றது என்பதை அவர்கள் நாட்டினர்.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் பங்குண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிறேசிலிலிருந்து கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்ற விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டன. கொழும்புக்குப் புகையிரதத்திற் செல்லும் நம்மவர் அத்தோட்டத்துக்கு நெடுந்தொலைவில்லாத வழியாகவே செல்கின்றனர். உலகின் சில்லுகளுக்கு உறையளித்த கீழைத்தேய இறப்பர்த் தொழிலின் தொட்டில்களுள் அதுவும் ஒன்று.

காற்றடைத்த ரயரின் சிறப்பு மென்மை மட்டுமன்று. ஒரு கணக்கைக் காண்க. 2,200 இறாத்தல் நிறையுள்ள காரின் ரயர்களிலே சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அமுக்கம் இருப்பின், நான்கு ரயர்களும் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 73 சதுர அங்குலமாகும். ஒவ்வொரு ரயருக்கும் கிடைப்பது 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் கொண்ட இடமே. திரும்புதலும் நிறுத்தலும் இவ்விடத்தின் வழியாகவே நிகழவேண்டும். அமுக்கத்தைக் குறைத்தால் இப்பரப்புப் பெருகும். கற்பிட்டி மணற்பரப்பில் ஜீப் செலுத்துவோர் காற்றைக் குறைப்பது இதனாலேயே. ஆயின், தார்வீதிக்கு மீண்டதும் காற்றை நிரப்பாது விரைந்தால், பக்கச்சுவர் மிகைப்பட வளைந்து சூடேறி ரயர் வெடிக்கவும் கூடும்.

மோட்டார் ஊர்தி விரைவடைந்தபோது பழைய வண்டியின் அமைப்பு போதாதாயிற்று. இரு முன்சில்லுகளையும் ஒரே அச்சு பிணைத்திருந்தமையால், ஒன்று குழியில் விழ மற்றதும் சாய்ந்தது. 1922இற் காட்சிக்கு வந்த இத்தாலிய லான்சியா லம்டாவும், 1934ஆம் ஆண்டின் அமெரிக்கக் கார்கள் பலவும் முன்சில்லுகளைத் தனித்தனியே தொங்கவிட்டு இக்குறையை நீக்கின. இம்மாற்றம் சாதாரண மக்களை எட்டியதற்குச் சிறந்த சான்று, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர். முன்னைய சிறு கார்களுக்கு 17 அங்குலச் சில்லு இருக்க, அவர் 14 அங்குலச் சில்லைத் தேர்ந்தார். முன்புறத்தில் முறுக்குக் கம்பி வில்லை அமைத்தார். முதன்மாதிரியை நடுவே பிளந்து 4 அங்குலம் அகலமாக்கினார். எடை குறைந்த சிறிய சில்லு வீதியின் மேடுபள்ளத்தை விரைந்து பின்பற்றும். அகன்ற உடல் வளைவிற் சாயாது நிற்கும். இலங்கை வீதிகளில் ஆசிரியரும் வைத்தியரும் வாடகைக்கார்ச் சாரதிகளும் இக்காரைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த காரணம், விலை மாத்திரமன்று. அது சொன்னபடி கேட்டமையே.

அதே காலத்தில் ரயரின் உள்ளமைப்பும் மாறியது. பழைய ரயரில் நூல்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடின. பக்கச்சுவர் வளையும்போது நிலத்தைத் தொடும் பகுதியும் உடன் நெளிந்தது. 1946இல் மிச்சலின் நிறுவனம் உரிமம் பெற்ற ‘றேடியல்’ ரயரிலோ நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடுகின்றன. மேற்பரப்பின் கீழே உருக்குப் பட்டிகள் சுற்றுகின்றன. பக்கம் தாராளமாக வளைய, அடி தட்டையாகவே நிலத்தைப் பற்றிநிற்கின்றது. பழைய மொறிஸ் மைனருக்கு றேடியல் ரயர் பூட்டி, நெம்புகோல் வகை அதிர்வடக்கியை நீக்கிக் குழல் வகையை அமைத்தவர்கள், பொறியைத் தொடாமலே புதிய காரொன்றைப் பெற்றனர் எனலாம்.

இவ்வரலாறு இன்றைய நமக்கு ஏன் வேண்டும்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், இருந்த பழைய காரையே செம்மைசெய்து ஓட்டும் நிலை நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்பட்டது. இந்நிலையில் இளைஞர் பலர் முதலில் வாங்குவது பெரிய அலோய்ச் சில்லு; அடுத்துச் செய்வது வில்லை வெட்டிக் காரைத் தாழ்த்துதல். வரலாறு காட்டும் ஒழுங்கு இதுவன்று.

முதலிற் கவனிக்கத்தக்கது ரயர். அதன் பக்கத்தே பொறித்துள்ள நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். பூ தேயாதிருந்தும், ஆண்டுகள் பல கடந்து வெயிலில் இறுகிய ரயர் ஈரவீதியிற் பற்றாது. பூவின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது என்பது பல நாடுகளின் சட்டம். வடகீழ்ப் பருவ மழையில் அதனிலும் மிக்க ஆழமே நலம். இரண்டாவது அதிர்வடக்கி, மூன்றாவது, தேய்ந்த இறப்பர்ப் பூண்களும் சில்லின் நேர்ச்சீரும். வில்லை மாற்றுவது அதன் பின்னரே. அதிர்வடக்கியை மாற்றாது வில்லை மட்டும் வன்மையாக்கினால், கார் குழிகளின்மேல் துள்ளிச் சில்லு நிலத்தை விட்டெழும். நிலத்தை விட்ட சில்லுக்குத் திரும்பும் ஆற்றலோ நிறுத்தும் ஆற்றலோ இல்லை.

பெரிய சில்லை விரும்புவோர் மொத்த விட்டத்தையேனும் காத்தல் வேண்டும். 13 அங்குலச் சில்லில் 175/70 ரயரின் விட்டம் 575 மில்லிமீற்றர். 15 அங்குலச் சில்லில் 195/50 ரயரின் விட்டம் 576. வேகமானி பொய்யுரையாது. ஆயின், பக்கச்சுவரின் உயரம் 122.5 மில்லிமீற்றரிலிருந்து 97.5 ஆகக் குறைகின்றது. வளைவில் உறுதி கூடும். உப்பு லொறிகளும் மரக்கறி லொறிகளும் குழிபறித்த வீதியில் அடியைத் தாங்கும் மெத்தை குறையும். எது வேண்டும் என்பதை அவரவர் செல்லும் வழியே முடிவுசெய்யும். உவர்க்காற்று வில்லையும் இரும்பையும் அரிக்கும் ஊரில், அடிப்பாகத்தை நன்னீராற் கழுவுதலும் செம்மைப்படுத்தலின் ஒரு கூறேயாகும்.

மயிலிறகே ஆயினும் அளவு மீறின் அச்சை முறிக்கும் என்று வள்ளுவர் காட்டிய உவமை அரசியலுக்கு உரியது. அதன் சொற்பொருள் வண்டிக்கும் உரியதே. பாரம், வேகம், வழி ஆகிய மூன்றுக்கும் சில்லும் வில்லும் ஈடுகொடுக்கும் எல்லை ஒன்றுண்டு. உமணர் அவ்வெல்லையை உணர்ந்தே சேம அச்சைக் கட்டினர். மோட்டார்ச் சைக்கிளையும் காரையும் அழகுபடுத்தப் பணம் சேர்க்கும் நம் மாணவர், அப்பணத்தின் முதற்பங்கை நிலத்தைத் தொடும் இடத்துக்கே செலவிடுவாராயின், அவர்தம் வீட்டார் மாலைவேளையில் வாசலை நோக்கி அஞ்சியிருக்க வேண்டிய தேவை குறையும்.