தண்டோரா
ஊராருக்கு முன்கூட்டியே சேதி சொல்லப் பறையோ தமுக்கோ அடித்துக் கூவும் முறை. இந்துஸ்தானி ‘டிண்டோரா’வோடு உறவுள்ள சொல், தெலுங்கிலும் ‘தண்டோரா’தான். பழக்கமோ சொல்லைவிட மூத்தது: மணிமேகலையின் விழாவறை காதையில் முரசை யானைமேல் ஏற்றி இந்திர விழா அறிவிக்கிறார்கள்.

வேலூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையடிவாரத்துக் கணியம்பாடி போன்ற ஊர்ப்பக்கங்களுக்கு இது பழகிய வழக்கம். ஆற்றில் வெள்ளம் வருகிறது, கரையோரம் போகாதே, வரிபாக்கி கட்டு, நாளை கிராமசபை. முதலில் அடி, பிறகு “இதனால் சகலமானவர்களுக்கும்” என்ற நீட்டல், கடைசியில்தான் விஷயம். காதுகளைத் திருப்பிய பிறகே வாய் திறக்கும் இந்த வரிசை நல்ல உத்தி.

அடித்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். பல இடங்களில் அது சாதி சுமத்திய கட்டாய வேலை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு தண்டோராவைத் தடைசெய்யுமாறு ஆட்சியர்களுக்கு எழுதினார். வாகன ஒலிபெருக்கி போதும் என்றார்.